பலகையில் இல்லாத பக்கம்

ஓய்வு பெற்ற கிழவனைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினால் உங்களுக்கு ஒரு வேலை முடிந்தது. எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். நல்லவேளை, பேச வேண்டாம், எழுதித் தந்தால் போதும் என்றீர்கள். எழுதுகிறேன். அறிவுரை எதிர்பார்க்காதீர்கள். அறிவுரை சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் வீட்டுக்கு வந்தேன்.

போன மாதம் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு என்னை அழைத்துப்போய்ச் சல்லடை மாதிரி ஒரு வட்டத் தகட்டைக் காட்டினீர்கள். அதன் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குட்டி மைக். ஓடுகிற எஞ்சின் முன்னால் அதை நிறுத்தியதும் திரையில் எஞ்சினின் படமும், சத்தம் கிளம்புகிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் வந்தன. வாயைப் பிளந்துதான் பார்த்தேன். காட்டிய பெண்ணிடம், "இந்தப் புள்ளி தப்பான இடத்திலும் விழுமா அம்மா?" என்று கேட்டேன். "விழும் சார், எப்பவாவது" என்று சிரித்தாள். அந்த எப்பவாவது ஒருமுறை எனக்கு வாய்த்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

அறுபதுகளில் நான் வேலை பார்த்தது ஆவடிக்கு அப்பால் ஒரு சோதனைத் திடலில். பெயர் வேண்டாம். வறண்ட ஏரிப் படுகை, முட்செடி, கண்ணைக் கூச வைக்கும் வெயில். ஒரு முனையில் குழாயை நிமிர்த்தி வைத்துக் குண்டு சுடுவார்கள். அது மேலே போய் ஏரிக்குள் விழும். குண்டின் மூக்கில் இருந்து அதை வெடிக்க வைக்கும் ஃபியூஸ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. கோடைக்கு முன்பு வரை ஏரி மண் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே சேறாக இருக்கும். குண்டு அதில் புதைந்து வெடித்தால் புகையும் எழாது, தூசியும் எழாது. கோபுரத்தில் தொலைநோக்கியோடு நிற்பவனுக்குச் சத்தம்தான் கேட்கும், இடம் தெரியாது. இடம் சொல்வது எங்கள் வேலை.

எங்களிடம் ஆறு மைக்குகள் இருந்தன. இரண்டு பானை அளவு இருக்கும் ஒவ்வொன்றும். ஏரிக்கரையை ஒட்டி ஒரே நேர்கோட்டில் குழி வெட்டி வைத்து, காற்று படாமல் கோணி போட்டு மூடியிருப்போம். ஒரு வெடிச்சத்தம் ஆறையும் ஒரே நேரத்தில் தொடாது. கிட்டத்தில் இருப்பதை முதலில் தொடும், தள்ளி இருப்பதைச் சற்றுக் கழித்துத் தொடும். தகரக் கொட்டகையில் ஆறு பேனாக்கள் ஓடும் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் தொட்டதும் பேனா துள்ளும். எந்தப் பேனா எவ்வளவு பிந்தித் துள்ளியது என்று அளந்து, திடலை வரைந்திருந்த பெரிய பலகை ஒன்றில் நூல்களை இழுத்துக் கட்டுவோம். நூல்கள் சந்திக்கும் இடத்தில்தான் வெடி. அவ்வளவுதான் வித்தை. உங்கள் சல்லடையும் இதையேதான் செய்கிறது, நூல் இல்லாமல்.

இதில் ஒரு சங்கதி உண்டு. மைக்குகள் ஒரே கோட்டில் இருந்தால், சத்தம் கோட்டுக்கு முன்னால் இருந்து வந்ததா, அதே தூரத்தில் பின்னால் இருந்து வந்ததா என்று அவற்றுக்குத் தெரியாது. இரண்டுக்கும் பேனாக்கள் ஒரே மாதிரிதான் துள்ளும். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், நாங்கள் எல்லோரும் படித்ததுதான். ஆனால் எங்கள் குண்டுகள் எப்போதும் முன்னால் ஏரியில்தான் விழுந்தன. பின்னால் இருந்தது வெள்ளானூர்ப் பக்கத்து வயலும் பனைமரமும். அங்கே யார் குண்டு போடப்போகிறார்கள்? எனக்கு முன்னால் அந்தக் கொட்டகையை ஆண்டவர் கெட்டிக்கார மனிதர். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். புதுக் கொட்டகையின் கதவுக்குள் பலகை நுழையவில்லை என்று தச்சனை அழைத்து, மைக் கோட்டை ஒட்டிப் பலகையை இரண்டாக அறுக்கச் சொல்லிவிட்டார். முன்பாதி உள்ளே வந்தது. பின்பாதி கேண்டீனில் காய் நறுக்கப் போனது. "அந்தப் பக்கம் நமக்கு என்னத்துக்குய்யா?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நல்ல தேக்கு வேறு, கேண்டீன்காரர் மகிழ்ந்தே போனார்.

அவர் எனக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். "காகிதம் பேசறப்போ நாம வாயை மூடிக்கணும்." காதை நம்பாதே, காகிதத்தை நம்பு என்று பொருள். ஏரிக்கரையில் காது என்ன வேண்டுமானாலும் சொல்லும். எதிரொலி வரும், காற்று சத்தத்தை வளைக்கும். அவர் சொன்னது முக்கால்வாசி நாட்களுக்குச் சரி.

திடலில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சுட்ட குண்டுகளும் வெடித்த குண்டுகளும் கணக்கில் ஒத்துப்போகும்வரை சிவப்புக் கொடி இறங்காது. கொட்டகையிலிருந்து நான் டெலிபோனில் "எண்ணிக்கை சரி" என்று சொன்னால்தான் கொடி இறங்கும். கொடி இறங்கியதும் சவரிமுத்து தன் ஆட்கள் மூன்று பேரோடு மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குள் நடப்பான். நான் தரும் இடங்களில் தோண்டி, குண்டின் வால், ஃபியூஸின் துண்டு துக்கடா எல்லாவற்றையும் பொறுக்கி வருவான். வெடிக்காமல் கிடக்கும் குண்டுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பிளைண்டு. பிளைண்டு ஒன்று உள்ளே இருக்கையில் மண்வெட்டியோடு நடப்பதும் கிணற்றில் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதும் ஒன்றுதான். ஆக, நான்கு பேரின் உயிர் என்னுடைய இரண்டு சொல்லில் தொங்கியது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாக இருந்த காலம் போய்விட்டது.

அன்று சனிக்கிழமை. டெல்லியிலிருந்து பெரியவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். புது மாதிரி ஃபியூஸ், விழுந்து சற்றுக் கழித்து வெடிக்கிற ரகம். முற்பகல் முழுக்கச் சுட்டார்கள். எல்லாம் விழுந்தன, வெடித்தன, நான் நூலை இழுத்து இடம் குறித்தேன். கடைசிக் குண்டு விழுந்தது, வெடிக்கவில்லை. காத்திருந்தோம். ஃபியூஸுக்குக் கொடுத்த நேரம் தாண்டியது. அதற்கு மேலும் தாண்டியது. கொட்டகைக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. எங்கள் திடல் அதிகாரி டெலிபோனில் கேட்டார்.

"என்னய்யா, எண்ணிக்கை சரியா?"

"இல்லை சார். ஒண்ணு பாக்கி."

அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு வைத்தார். வெடிக்காத குண்டு என்றால் செயலிழக்கச் செய்கிற ஆட்களைக் கூப்பிட வேண்டும், அவர்கள் மறுநாள்தான் வருவார்கள், டெல்லிக்காரர்கள் வெறும் கையோடு ரயில் ஏற வேண்டும். அந்த எரிச்சல் அவருக்கு.

அப்போதுதான் வெடித்தது. நல்ல கனமான வெடி. ஆறு பேனாக்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளின. கைகள் தாமாகவே அளந்தன, நூலை இழுத்தன. நூல்கள் ஏரிக்குள் அழகாகச் சந்தித்தன, மற்றக் குண்டுகள் விழுந்த இடத்துக்குச் சற்று வலப்பக்கம். டெலிபோன் மறுபடி அடித்தது. இடத்தைச் சொன்னேன்.

"பார்த்தியா, லேட்டா வெடிச்சிருக்கு. ஃபியூஸ் சோம்பேறி. டெல்லிக்காரங்களுக்கு இந்தத் தகவல்தானே வேணும்! கொடியை இறக்கச் சொல்லட்டுமா?"

எண்ணிக்கை சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "கொஞ்சம் இருங்க சார்" என்றேன்.

ஏன் என்று கேட்டால் என்னிடம் அப்போது இருந்தது இரண்டே இரண்டு சில்லறை விஷயங்கள். ஏரியில் குண்டு வெடித்தால் கொட்டகையின் முன்பக்க ஜன்னல் கதவு கடகடவென்று ஆடும். அன்று ஜன்னல் சும்மா இருந்தது, என் முதுகுக்குப் பின்னால் இருந்த தகரச் சுவர்தான் அதிர்ந்தது. இரண்டாவது, காகிதத்தில் பெரிய துள்ளலுக்குச் சற்றுப் பின்னால் ஆறு பேனாக்களும் இன்னொரு சின்னத் துள்ளல் போட்டிருந்தன. எதிரொலியாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பு விழுந்த குண்டு ஒன்றுக்கும் அப்படி வரவில்லை.

சவரிமுத்து வாசலில் வந்து நின்றான். ஆவடியில் மாதா கோயில் பக்கத்துக் காலனிக்காரன். தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி.

"இன்னா சார், அதான் வெடிச்சிடுச்சே. என் காதுக்கும் கேட்டுச்சு, உங்க பேனாவுக்கும் கேட்டுச்சு. இன்னும் இன்னாத்துக்கு ரோசனை?"

"கொஞ்சம் பொறு சவரி."

"பொறுக்கறதுக்கு நேரம் இல்ல சார். நாளைக்கு என் பொண்ணுக்குப் புது நன்மை, கோயில்ல மொத தபா அப்பம் வாங்கப்போவுது. அம்பத்தூர்ல வெள்ளை கவுனு தைக்கக் குடுத்துக்கீறேன். கடைய மூடிக்கினு போயிட்டான்னா என் பொஞ்சாதி என்னைய ஊட்டுக்குள்ள சேக்க மாட்டா."

பாருங்கள், யார் உயிருக்காக நான் தயங்கினேனோ அவனே என்னை அவசரப்படுத்தினான். இது வேலையில் அடிக்கடி நடக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

பலகையைப் பார்த்தேன். அதில் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. தச்சன் அறுத்த விளிம்பு, அதற்கப்பால் சுவர். அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பாடப்புத்தகம் நினைவுக்கு வந்தது. சுவரில் மாட்டியிருந்த திடலின் வரைபடத்தைக் கழற்றினேன். மைக்குகள் இருந்த கோட்டோடு அதை இரண்டாக மடித்தேன். நூல்கள் சந்தித்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, மறுபக்கம் வரை இறக்கினேன். விரித்துப் பார்த்தால் ஏரியில் ஒரு ஓட்டை, பின்னால் வெள்ளானூர்ப் பக்கத்து வயலில் ஒரு ஓட்டை. என் காகிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தது, அவ்வளவுதான். வரைபடத்தைக் காட்டினேன்.

"சர்க்கார் மேப்பை ஓட்டை போட்டு வெச்சிருக்கியே?"

"சார், வெடி இங்கயும் நடந்திருக்கலாம், அங்கயும் நடந்திருக்கலாம். எங்கன்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

"எத்தனை வருஷமா எனக்கு இடம் சொல்லிட்டிருக்கே? இப்ப வந்து முன்னாலயா பின்னாலயான்னே தெரியலைன்னா என்னய்யா அர்த்தம்?"

"இத்தனை வருஷமும் தெரியாதுதான் சார். யாரும் கேக்க வேண்டி வரலை."

அவர் முகம் சிவந்தது. சவரிமுத்துவும் அவன் ஆட்களும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "டெல்லிக்காரங்க சாயங்கால ரயிலுக்குக் கிளம்பணும். ஜீப்பை எடுத்துட்டுப் போ. அங்க வெடிச்சதுன்னு ஒரு சாட்சி இருந்தா வந்து சொல்லு, கொடி இறங்காது. இல்லேன்னா வந்து எண்ணிக்கை சரின்னு உன் வாயால சொல்லிடு."

அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. அவர் நினைத்திருந்தால் என்னைத் தள்ளிவிட்டுத் தானே கொடியை இறக்கியிருக்கலாம்.

ஜீப்பில் என்னோடு திடல் காவலர் ஒருவர் ஏறிக்கொண்டார். காக்கி உடுப்பு, கையில் தடி. வயல் வரப்போடு குலுங்கிக்கொண்டு போய், குண்டூசி ஓட்டை காட்டிய இடத்துக்குக் கிட்டே இறங்கினோம். பனைமரங்களுக்கு அப்பால் புதுக்கிணறு ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் உடைந்த கருங்கல். குழியின் வாய் மேல் முள்ளும் நனைத்த கோணியும் கிடந்தன. எத்திராஜ் என்பவனின் நிலம் அது. பிறத்தியார் வயலில் கூலிக்கு உழைத்தே வளர்ந்தவன், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்தத் துண்டு நிலத்தை வாங்கியிருந்தான். அவனும் அவன் மனைவியும் மச்சானும் குழியோரம் நின்றிருந்தார்கள்.

காவலர் எனக்கு முன்னால் குதித்துவிட்டார். "டேய், யார்றா இங்க வெடி வெச்சது?"

"வெடியா?" என்றான் எத்திராஜ். "இன்னிக்கு இன்னாத்துக்கு சார் வெடி வெக்கறோம்? நீங்க சுடற நாள்ல வெக்கக் கூடாதுன்னு தண்டோரா போட்டுக்கீறாங்களே. முந்தாநாள் வெச்சோம். இன்னிக்கு வெறும் கடப்பாரைதான்."

"நிஜமாவே வெக்கலையா?" என்று நானும் கேட்டேன்.

"இல்ல சார். எங்களுக்கு இன்னா பைத்தியமா?"

மச்சான் தலையாட்டினான். மனைவி தரையைப் பார்த்தாள். வெடிமருந்து வாடை இலேசாக இருந்தது, ஆனால் முந்தாநாள் வாடையும் கிணற்றுக்குள் தங்கும். காவலர் என்னைப் பார்த்து, "அதான் சொல்லிட்டானே, போலாம் சார்" என்றார். நான் போய் ஜீப்பில் உட்கார்ந்தேன்.

என் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். இவன் வெடி வைக்கவில்லை என்றால் ஏரியில்தான் வெடித்திருக்கிறது. காகிதமும் சரி, அதிகாரியும் சரி, டெல்லியும் சரி, சவரிமுத்துவின் வெள்ளை கவுனும் சரி. திரும்பிப்போய் இரண்டு சொல் சொன்னால் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

ஆனால் ஒன்று உறுத்தியது. காக்கி போட்ட ஒருவர் தடியோடு குதித்து, யார்றா வெடி வெச்சது என்று கேட்டால், வைத்தவன் எவனாவது நான்தான் என்பானா? அந்தக் கேள்விக்கு இல்லை என்ற ஒரே பதில்தான் உண்டு. ஒரே பதில் மட்டும் வரக்கூடிய கேள்வியைக் கேட்டுவிட்டு அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு போவதில் என்ன இருக்கிறது? எங்கள் பலகை செய்ததும் அதுதானே. முன்பக்கம் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல அதற்கு மரமே இல்லை. இதை ஜீப்பில் உட்கார்ந்து இப்படி அழகாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். அப்போது வெறும் எரிச்சலும் பசியும்தான். வண்டியை நிறுத்தச் சொன்னேன். காவலரையும் டிரைவரையும் பனைமரத்துக்கு அப்பால் போய் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பி நடந்தேன்.

கல் குவியல் மேல் உட்கார்ந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எத்திராஜின் மனைவி சொம்பில் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"நான் போலீஸ் இல்லைப்பா. ஏரிக்குள்ள ஒரு குண்டு விழுந்துச்சு. வெடிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியலை. கொஞ்சம் முன்ன கேட்ட சத்தம் குண்டோட சத்தம்னா, நாலு பேர் உள்ள போவாங்க, பத்திரமா வருவாங்க. அது உன் கிணத்துச் சத்தம்னா, அந்தக் குண்டு அங்க உயிரோடதான் கெடக்குது. அவங்க போனா வர மாட்டாங்க. என் மெஷினுக்கு வித்தியாசம் தெரியலை. உனக்குத்தான் தெரியும். நீ என்ன சொல்றியோ அதைத்தான் போய்ச் சொல்லப்போறேன்."

எத்திராஜ் ஒரு கருங்கல் துண்டை எடுத்துக் குழிக்குள் போட்டான். பிறகு கேட்டான்.

"வெச்சோம்னு சொன்னா எங்களுக்கு இன்னா சார் ஆவும்?"

ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. "தெரியலை. நல்லது ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் தெரியும்" என்றேன்.

மச்சான் அவசரமாக, "மாமே, கம்னு கெட" என்றான்.

அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள். "நாலு பேருன்றாரு. அவங்களுக்கும் ஊடு வாசல் இருக்கும்ல? சொல்லிடு."

எத்திராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வெச்சோம் சார். பாறையில ரெண்டு குழி. ஒண்ணுல மருந்து ஜாஸ்தி, இன்னொண்ணுல கம்மி. நீங்க சுடற நாளா பாத்துதான் வெக்கறது. உங்க சத்தத்துல எங்க சத்தமும் போயிடும், எவனும் கேக்க மாட்டான்னு."

இரண்டு குழி, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. என் காகிதத்தில் இருந்த சின்னத் துள்ளலைப் பற்றி அவனிடம் நான் மூச்சுக்கூட விடவில்லை. எழுந்து ஜீப்புக்கு நடந்தேன்.

கொடி இறங்கவில்லை. டெல்லிக்காரர்கள் வெறும் கையோடு போனார்கள். அதிகாரி என்னோடு பேசவில்லை. சவரிமுத்து பேசினான், அதை இங்கே எழுத முடியாது. அன்று மாலை அவன் அம்பத்தூர் போய்ச் சேர்ந்தபோது தையல்காரன் கடையை மூடிவிட்டானாம். மறுநாள் அந்தப் பெண் குழந்தை பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய கவுனில் புது நன்மை வாங்கியது.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் குண்டைச் செயலிழக்கச் செய்யும் ஆட்கள் வந்தார்கள். என் நூல்கள் சந்தித்த இடத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதைக்கு ஓரமாக, மண்ணில் பாதி புதைந்து, குண்டு முழுசாக இருந்தது. அந்தப் பாதையில்தான் சவரிமுத்து எப்போதும் மண்வெட்டியால் தட்டிக்கொண்டே நடப்பான். அங்கேயே வைத்து அதை வெடிக்கச் செய்தார்கள். ஜன்னல் கதவு ஆடியது. சவரிமுத்து கோயில் வேட்டியோடு வந்து, அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தான். பீடி ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். நான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

"யாரு சார் அது, சொன்னவன்?" என்று கேட்டான். சொன்னேன்.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஒரு சோதனை நாள் வீணானால் ஏன் என்று மேலே பதில் எழுத வேண்டும். நான் எழுதியதில் எத்திராஜின் பெயரைப் போடவில்லை. கிணறு என்றுகூடப் போடவில்லை. ஆனால் வரைபடத்தில் ஓட்டை இருந்தது, ஜீப்பில் வந்த காவலருக்கு வாய் இருந்தது. போலீஸ் போய் மருந்தையும் திரியையும் எடுத்துக்கொண்டு, எத்திராஜை ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்து அனுப்பினார்கள். இனிமேல் அந்தக் கிணற்றில் வெடியே வைக்கக் கூடாது என்று உத்தரவு. பாதிக் கிணறு, அடியில் பாறை, எதிரே கோடை. அதிகாரியிடம் போய் நின்றேன். "உண்மை சொன்னவனுக்கு இதுதானா சார்?" என்றேன். "நான் புகார் பண்ணலைய்யா" என்றார். அதுவும் உண்மைதான். யாரும் பண்ணவில்லை, தானாக நடந்தது. அலுவலகத்தில் பல காரியங்கள் அப்படித்தான் நடக்கும். அதைத் தடுக்க எனக்குக் கடைசிவரை வழி தெரியவில்லை.

நான் செய்ய முடிந்தது ஒன்று. கோட்டுக்கு வெளியே, வயல் பக்கமாகத் தள்ளி, ஏழாவதாக ஒரு மைக்கைப் புதைத்தேன். பின்னால் வெடித்தால் அது முந்திக்கொண்டு சொல்லும். அவ்வளவு எளிய காரியம். முன்பே செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், உங்களிடமும் நாளைக்கு ஒருவன் கேட்பான்.

சவரிமுத்து செய்தது வேறு. அந்த மாதத்திலேயே ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், தன் ஆட்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கடப்பாரை, சம்மட்டி, உளியோடு வெள்ளானூர்ப் பக்கம் போனான். வெடி கூடாது என்றால் கையால் உடைப்போம் என்றான். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் போனார்கள். பாறை கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. கோடை முழுக்க அடித்தும் ஓர் ஆள் உயரம் இறங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். மழை கழிந்த பிறகுதான் ஒரு மூலையில் ஊற்று கசிந்தது.

அந்த ஞாயிறுகளில் சில நாள் நானும் போய்க் கரையில் உட்கார்ந்திருப்பேன். என் முதுகுக்கு அதற்கு மேல் முடியாது. ஒருநாள் எத்திராஜ் என் பக்கத்தில் வந்து குந்தினான். கீழே நால்வரும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், மொத தபா கேட்டப்ப நான் இல்லேன்னுதானே சொன்னேன்."

"ஆமா."

"நீங்க அப்பிடியே வண்டி ஏறிப் போயிருந்தா?"

கீழேயிருந்து சவரிமுத்து நிமிர்ந்து, "அண்ணாத்தே, தண்ணி இருந்தா குடு" என்று கத்தினான். எத்திராஜ் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அத்த அவங்களாண்ட சொல்லிடாதீங்க சார்" என்றான்.

சொல்லவில்லை. இன்றைக்கு அவர்களில் ஒருவரும் இல்லை, அதனால் எழுதுகிறேன். சவரிமுத்து போகிற இடமெல்லாம் எத்திராஜைப் பற்றித்தான் பேசுவான். "ஒரே வார்த்தையில உண்மைய சொல்லிட்டான் மனுசன், தன்னோட கெணறு போனாலும் பரவால்லன்னு" என்பான். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். எழுபதுகளின் கடைசியில் சவரிமுத்துவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, அன்று பழைய கவுனில் புது நன்மை வாங்கிய அதே பெண். மாதா கோயிலில் முதல் வரிசையில், சம்பந்திகளுக்குப் பக்கத்தில், எத்திராஜையும் அவன் மனைவியையும் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தான். எனக்கு மூன்றாவது வரிசை. பூசை முடியும்வரை எத்திராஜ் குனிந்த தலை நிமிரவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அவன் வேண்டிக்கொள்கிறான் என்று நினைத்தார்கள்.